பன்னிரண்டு வருடக் கையெழுத்து

ஓக்லஹோமா
ஆகஸ்ட் 14

ட்ராவிஸ்,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. உனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற பத்துப் பேர் காதிலும் நம் வீட்டுச் சமாசாரம் விழுகிறது. மறுநாள் விமானம் ஓட்டப் போகிறவனிடம் வீட்டுச் சண்டை போடக் கூடாது என்பது நம் இருவருக்கும் சட்டம். அதனால் பாதியிலேயே நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுதினால் மூட வேண்டியதில்லை. கடிதம் வந்து சேரப் பதினோரு நாள் ஆகும், ஆகட்டும்.

ஏர்லைன்ஸிலிருந்து உறை வந்தது. பிரித்துவிட்டேன். என் பெயருக்கு வந்ததை நீ ஏன் பிரித்தாய் என்று ஆரம்பிக்காதே. அந்த நேர்காணலுக்கு உன் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் நான். உன்னை எடுத்துக்கொண்டார்கள். நவம்பர் கடைசியில் பயிற்சி வகுப்பு. சரியா இல்லையா என்று செப்டம்பர் முப்பதுக்குள் சொல்ல வேண்டுமாம். அங்கே சேர்ந்த தேதிதான் கடைசிவரை பேசும் என்று எனக்குப் பாடம் எடுத்தவனே நீதான். ஒரு மாதம் பிந்தினால் நூறு பேர் முன்னால் போய்விடுவார்கள்.

நம் ஒப்பந்தத்தை ஞாபகப்படுத்துகிறேன், நீ மறந்தவன் மாதிரிப் பேசுவதால். இந்த வருடத்தோடு நம் இருவருக்கும் விமானப்படையில் கட்டாய சேவை முடிகிறது. இருவர் முன்னாலும் அதே போனஸ் காகிதத்தை நீட்டியிருக்கிறார்கள். இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால் வருடத்துக்கு ஐம்பதாயிரம் டாலர். இருவரும் போட்டால் ஜூனியை யார் வளர்ப்பது? ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. ஏப்ரல் மாதம் பின்பக்கம் இறைச்சி சுட்டுக்கொண்டே, "எனக்குப் போதும் பெத். நான் வெளிய வந்துடறேன், நீ இரு. உனக்குத்தான் இது பிடிச்சிருக்கு"ன்னு சொன்னது யார்? உன்கூடப் பறக்கிற கென்ட்ரிக்கும் அவன் மனைவி லொரெட்டாவும் கையில் தட்டோடு சாட்சிக்கு உட்கார்ந்திருந்தார்கள். தானும் வெளியே வந்துவிடுவதாகக் கென்ட்ரிக் சொன்னதும் லொரெட்டா சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். எல்லாம் நடந்ததுதானே?

என் காகிதம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்குக் கீழே தொங்குகிறது. நீ ஏர்லைன்ஸுக்குச் சரி என்று எழுதினால்தான் நான் பேனாவை எடுக்க முடியும். நேற்று என் மாணவி ஒருத்தி, பறந்துகொண்டே இன்னொரு விமானத்திடம் எரிபொருள் வாங்குகிற அந்த இருபது அடித் தூரத்தில் முதல்முறையாகத் தடுமாறாமல் விமானத்தைப் பிடித்து வைத்தாள். இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு இந்த வேலை வேண்டும், ட்ராவிஸ். வெட்கப்படாமல் கேட்கிறேன்.

ஜூனிக்கு முன்பல் விழுந்துவிட்டது. உனக்குக் காட்ட வேண்டுமென்று மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.

பெத்


ஊர் பெயர் எழுதக் கூடாது
ஆகஸ்ட் 26

அன்புள்ள பெத்,

உன் கடிதம் நேற்று வந்தது. மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் நீதான் ஜெயித்தாய்.

இங்கே வெயிலைப் பற்றி எழுதினால் நீ சிரிப்பாய். விமானத்தின் ஏணிக் கம்பியைக் கையுறை இல்லாமல் தொட முடியவில்லை. நான்கு பேர் பார்க்கிற வேலையை இரண்டு பேர் பார்க்கிறோம். டாப்ஸ் போய்விட்டான், வீலர் போய்விட்டான், இருவரும் இப்போது கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு டென்வருக்கும் டாலஸுக்கும் நடுவில் ஆரஞ்சு ஜூஸ் குடிக்கிறார்கள். அவர்கள் பறக்க வேண்டியதையெல்லாம் நாங்கள் பறக்கிறோம். ஒருவன் வெளியே போனால் அவன் பாரம் காற்றிலா கரைந்துவிடுகிறது? மிச்சமிருப்பவன் தலையில்தான் இறங்குகிறது. இதை நீயும் யோசித்துப் பார்.

கமாண்டர் பர்செல் தினமும் ஒருவனை அறைக்குள் கூப்பிடுகிறார். உள்ளே போனால் காபி கொடுப்பார், அப்புறம், "குடும்பம் எப்படி இருக்கு? பொண்ணு எந்த வகுப்பு?" என்பார், அப்புறம் பேனா. "நான் யாரையும் வற்புறுத்தலப்பா. போறவன் போகலாம். ஆனா போறதுக்கு முன்னாடி, உன் எடத்துல யாரை அனுப்பணும்னு பேரை மட்டும் நீயே எழுதிக் குடுத்துட்டுப் போ"ன்னு ஒரு வெள்ளைத் தாளை நீட்டுவார். அந்தத் தாளில் இதுவரை ஒருவனும் பெயர் எழுதியதில்லை.

ஏர்லைன்ஸ் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். நாள் இருக்கிறது. உண்மையைச் சொல்லட்டுமா? ஆகாயத்தில் பஸ் ஓட்டுகிறவனாக என்னை நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஏப்ரலில் முடிந்தது, இப்போது முடியவில்லை. நேரில் உட்கார்ந்து உன்னிடம் சில விஷயங்கள் பேச வேண்டும், நவம்பரில் வந்து பேசுகிறேன். அதற்குள் நீயும் எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

கென்ட்ரிக் உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னான். அவனும் இங்கேதான் இருக்கிறான். கடைசி நேரத்தில் மனம் மாறி விலகல் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான். லொரெட்டா உன்னிடம் சொல்லியிருப்பாளே?

பல்லைத் தொலைத்துவிட வேண்டாம் என்று ஜூனியிடம் சொல்.

உன் ட்ராவிஸ்


ஓக்லஹோமா
செப்டம்பர் 8

ட்ராவிஸ்,

வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு உத்தரவு வந்தது. கொரியா. ஒரு வருடம். குடும்பத்தைக் கூட்டிப்போக அனுமதி இல்லை. பறக்கிற வேலைகூடக் கிடையாது, மேசை வேலை. ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுத வேண்டும், இல்லையென்றால் விலகுகிறேன் என்று எழுத வேண்டும். ஏழு நாள். வெள்ளிக்கிழமை, பதின்மூன்றாம் தேதி மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று நினைத்துப் பணியிட அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கணவன் வெளியே போகிறவன், நான் இருக்கப் போகிறவள், எட்டு வயதுப் பெண் இருக்கிறாள், எப்படி என்னை அனுப்புகிறீர்கள் என்று ஒரு பாட்டம் கத்தினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேஜர் ஹாலோவே, உங்க வீட்டுக்காரர் வெளிய போகலையே. ஜூலை இருபத்தாறாம் தேதியே கையெழுத்துப் போட்டாச்சு. முழுசா பன்னெண்டு வருஷம்" என்றாள்.

அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "ரொக்கத்தோட ஊரையும் கேட்டு வாங்கிருக்கார், மேடம். அதே ஊர்ல நாலு வருஷம் உறுதின்னு எழுதிக் குடுத்திருக்கோம். அங்க மேஜருக்கு இருக்கிற இடமே கொஞ்சம். அவரோடது பூட்டியாச்சு. மிச்சம் நகர்த்த முடிஞ்சவங்கன்னு பார்த்தா உங்க பேருதான் வருது" என்றாள்.

ஜூலை இருபத்தாறு. நீ கிளம்பியது ஆகஸ்ட் இரண்டு. நடுவில் ஒரு வாரம் என் பக்கத்தில் படுத்திருந்தாய். ஜூனியோடு ஏரிக்குப் போனாய். நான் காந்தத்தைத் தூக்கி அந்தக் காகிதத்தை மாட்டும்போது ஃபிரிட்ஜிலிருந்து பால் எடுத்துக்கொண்டிருந்தாய். அப்புறம் 'எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே' என்று எனக்குப் புத்தி வேறு சொல்கிறாய். உனக்கு எப்படி எழுதக் கை வந்தது?

ஊரை உறுதி செய்தால் குடும்பம் ஒரே இடத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பாய். உன் மூளை அப்படித்தான் போகும், எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காகிதத்தில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது, முட்டாளே. நீ உன் நாற்காலியைப் பூட்டிக்கொண்டு என் நாற்காலியைத் தூக்கி அவர்களிடம் கொடுத்துவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே படித்துச் சொல்லியிருப்பேன்.

இது உன் கைக்கு வருவதற்குள் என் ஏழு நாள் போயிருக்கும். போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். இந்தக் கோபத்தோடு நான் பேசி, நீ அதைத் தலையில் வைத்துக்கொண்டு பறந்து, ஏதாவது ஆகிவிட்டால்? அந்தச் சட்டத்தை நான் இன்னும் மதிக்கிறேன். இந்த வீட்டில் யாராவது ஒருவர் மதிக்க வேண்டாமா?

பெத்தனி


செப்டம்பர் 12

பெத்,

இன்றைக்குத்தான் போன் திரும்ப வந்தது. இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். "நான் நல்லா இருக்கேன்" என்றேன், நீ "தெரியும்" என்றாய். உன் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. வரிசையில் பின்னால் இருந்தவன் அழுதுகொண்டிருந்தான், அதனால் வைத்துவிட்டேன்.

கென்ட்ரிக் போய்விட்டான். உனக்குத் தெரிந்திருக்கும். விமானம் தரையிறங்கும்போது நடந்தது. கூட இருந்த இருவரும் போய்விட்டார்கள். எப்படி, ஏன் என்று எழுதக் கூடாது, விசாரணை நடக்கிறது. விஷயம் வீடுகளுக்குப் போய்ச் சேரும்வரை வழக்கப்படி எல்லா போனையும் கணினியையும் நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தோம், கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. இங்கே போன் செத்தால் அங்கே நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். மூன்று நாளும் அதுதான் ஓடியது.

நான் உன்னிடம் ஒன்று மறைத்துவிட்டேன். நவம்பரில் சொல்கிறேன் என்றதெல்லாம் கோழைத்தனம். ஜூலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். பர்செலைக் காரணம் சொல்ல மாட்டேன். ஏர்லைன்ஸ் நேர்காணலில் ஒருவன், "மிலிட்டரில என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டான். சொன்னேன். "ஓ, நல்லது" என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினான். பதினொரு வருடம், பெத், ஒரு பக்கம்! அன்றைக்கு எனக்குப் பயம் வந்துவிட்டது. இதை விட்டால் நான் யாருமில்லை என்ற பயம். உன்னிடம் சொன்னால் ஒரே நிமிடத்தில் அதைக் கேலி செய்து கரைத்துவிடுவாய், அதனால்தான் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதாவிட்டால் தூங்க முடியாது.

தனியாகப் போடப் பயமாக இருந்தது. கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலம் ஸ்குவாட்ரன் பாரில் கென்ட்ரிக்கைப் பிடித்துக்கொண்டேன். அவன் விலகல் கடிதம் அப்போதே மேலே போயிருந்தது. ஆகஸ்டில் வீட்டில் இருந்திருக்க வேண்டியவன். "நீ இல்லாம நான் எப்படிடா இருப்பேன், ரெண்டு பேரும் சேர்ந்தே போடலாம், பன்னெண்டு வருஷம் ஓடிடும்" என்று இரண்டு மணி நேரம் பேசினேன். சிரித்துக்கொண்டே, "லொரெட்டா என்னைக் கொன்னுடுவா" என்றான். பேனா என்னுடையது. கையெழுத்துப் போட்டவன் பார் மணியை அடித்து எல்லோருக்கும் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எனக்கு அடிக்கக் கை வரவில்லை, உன் காதுக்கு வந்துவிடும் என்று. அவன் எனக்கும் சேர்த்து இரண்டு தடவை அடித்தான்.

அவன் பெட்டியைக் கட்டும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவன் செருப்பு இன்னும் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.

ட்ராவிஸ்


செப்டம்பர் 20

பெத்,

உன் எட்டாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. நான் சொல்வதற்கு முன்பே நீ கண்டுபிடித்துவிட்டாய். நான் பாவமன்னிப்பு மாதிரி எழுதியதை நீ எப்படிப் படிப்பாய் என்று நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நேராகப் பர்செலிடம் போனேன். கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், பணம் இன்னும் வரவேயில்லை, என் மனைவியின் இடத்தை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். கதவைச் சாத்திவிட்டு, "லாம்கினும் இதைத்தான் கேட்டான், நேத்து ஹேஸ்டிங்ஸும் கேட்டான். கென்ட்ரிக் சில்ஸ் செத்த வாரத்துல ஒருத்தனுக்கு விட்டேன்னா, நாளைக்கு ஓட்ட ஆளிருக்காதுப்பா. காகிதம் காகிதம்தான்" என்றார். அவருக்கும் கண் சிவந்திருந்தது. திட்டிவிட்டு வரலாம் என்றுதான் போனேன், முடியவில்லை.

ஒரு வழி யோசித்தேன். நீ கொரியாவை ஏற்றுக்கொள். ஒரு வருடம்தான். நான் நவம்பரில் வந்துவிடுவேன், ஊர் என் பெயரில் உறுதியாக இருக்கிறது, ஜூனியை நான் பார்த்துக்கொள்கிறேன். தலை பின்னக்கூடக் கற்றுக்கொள்கிறேன். திரும்பி வந்து நீ மறுபடி பறக்கலாம். உன்னிடமிருந்து நான் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தேதி தாண்டியிருக்கும். இருந்தாலும் நீ இன்னும் எதுவும் எழுதிக் கொடுக்காமல் இருந்திருப்பாய் என்று ஒரு நப்பாசை. போனில் கேட்கப் பயமாக இருக்கிறது. எழுது.

ட்ராவிஸ்


ஓக்லஹோமா
அக்டோபர் 2

ட்ராவிஸ்,

உன் இரண்டு கடிதமும் வந்தன. நல்ல யோசனைதான், ஒரு வாரம் பிந்திவிட்டது. பதின்மூன்றாம் தேதி மத்தியானம் விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். பிப்ரவரியில் வெளியே வருகிறேன். உனக்காக விட்டுக்கொடுத்தேன் என்று ஸ்குவாட்ரனில் பெருமை பேசாதே. உனக்காக இல்லை. ஜூனிக்காக என்று சொன்னால்கூட அது பாதிப் பொய்.

பத்தாம் தேதி காலையில் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

உங்கள் பக்கம் போன் செத்துவிட்டது என்று முந்தின நாள் சாயங்காலமே இங்கே மனைவிகளுக்குள் பேச்சு ஓடிவிட்டது. என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜூனியைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து வாசலில் தபால் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். சாவுச் செய்தி கொண்டுவருகிற அந்த நீலக் கார் தெருமுனையில் திரும்பியது. எந்த வீடு எந்த வீடு என்று எண்ணிக்கொண்டே பார்த்தேன். நம் வீட்டு முன்னால் நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். முழு நீலச் சீருடையில் துணைக் கமாண்டர், ஒரு பாதிரியார், ஒரு நர்ஸ். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

துணைக் கமாண்டர் குனிந்து, "மேஜர் ஹாலோவே, டிரஸ் மாத்திக்கிட்டு எங்ககூட வரணும். சில்ஸ் வீட்டுக்குப் போறோம். அந்தம்மாவுக்கு நீங்கதான் நெருக்கம்னு சொன்னாங்க" என்றார்.

அவர்கள் என்னைத் துணைக்குக் கூப்பிட வந்திருந்தார்கள், ட்ராவிஸ்! நானும் அங்கே இருக்கிற ஒருவனின் மனைவி என்பதே அவர்களுக்கு ஞாபகம் இல்லை. என் சட்டையில் ஹாலோவே, உன் சட்டையில் கோக்கர். பாதிரியாருக்குத்தான் முதலில் உறைத்தது. "அட கடவுளே, உங்க வீட்டுக்காரரும் அங்கதானே இருக்கார்" என்று வாயைப் பொத்திக்கொண்டார். துணைக் கமாண்டரின் முகம் வெளுத்துவிட்டது. "மன்னிச்சுக்கோங்க மேஜர். உங்களை நாங்க ஒரு ஆபீசராத்தான் நெனச்சோம்" என்றார். பதினொரு வருடமாக அப்படி நினைக்க மாட்டார்களா என்றுதானே உழைத்தேன்!

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. 'சில்ஸ்' என்ற பெயர் காதில் விழுந்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது. உடம்பெல்லாம் சந்தோஷம். நம் கென்ட்ரிக். ஜூனிக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். அவன் செத்தான் என்ற செய்திக்கு நான் புல்லில் உட்கார்ந்து சிரித்தேன். நர்ஸ் அதை அழுகை என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அப்புறம் எழுந்து, முகம் கழுவி, நீலச் சீருடை போட்டுக்கொண்டு, அந்தக் காரில் ஏறிப் போனேன். லொரெட்டா கதவைத் திறந்தாள். மற்ற மூவரை அவள் பார்க்கவே இல்லை. "பெத், நீ ஏன் இந்த டிரஸ்ல வந்திருக்க?" என்று கேட்டாள். மறுபடி கேட்டாள். "போய் மாத்திட்டு வா பெத். சாதாரண டிரஸ்ல வா, காபி போடறேன்" என்றாள். துணைக் கமாண்டர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை என் சட்டைப் பொத்தானைக் கழற்றப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சட்டையை இனிமேல் என்னால் போட முடியாது. என்னுடைய மாணவி அன்றைக்குக் கட்டிக்கொண்டது நினைவுக்கு வருகிறது, இருந்தாலும் முடியாது. கொரியாவோ, இதே ஊரோ, எங்கே இருந்தாலும் ஒருநாள் அந்தக் கார் மறுபடி வரும். அப்போதும் வேறு யார் பெயரையாவது சொல்ல மாட்டார்களா என்று நான் வேண்டிக்கொள்வேன். அப்படி வேண்டிக்கொண்டே பன்னிரண்டு வருடம் இருக்க எனக்குத் தெம்பில்லை. உனக்கு இருக்கிறது போல.

மூன்று வாரமாக லொரெட்டா வீட்டுக்குத் தினமும் போகிறேன். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிறேன். அவள் அழுவதில்லை. ஒரே கேள்விதான். "ஆகஸ்ட்ல வீட்ல இருக்க வேண்டியவன். கடிதம் குடுத்தாச்சுன்னு என்கிட்ட காட்டினான். ஒரே நாள் சாயங்காலத்துல யாரு பெத் அவன் மனசை மாத்தினது? உனக்குத் தெரியுமா?" முதல் பதினைந்து நாள் தெரியாது என்றேன். அது நிஜம். உன் கடிதம் வந்த மறுநாளும் கேட்டாள். அப்போதும் தெரியாது என்றேன். பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உனக்கு இருந்திருக்காது.

உன்மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்டால் இல்லை. நீ உயிரோடு இருப்பதில் சந்தோஷமா என்று கேட்டால், அந்தச் சந்தோஷத்தின் விலையைத்தான் தினமும் அவள் சமையலறையில் நின்று கழுவிக்கொண்டிருக்கிறேன். இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, என்ன செய்வது?

நவம்பரில் நீங்கள் இறங்குகிற அன்று எல்லோரும் கொடியும் பலூனுமாக ஓடுதளத்துக்கு வருவார்கள். நான் வர மாட்டேன். ஜூனியையும் அனுப்ப மாட்டேன். நீ நேராக நம் வீட்டுக்கு வராதே. சீருடையைக் கழற்றிவிட்டு, சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு, லொரெட்டா வீட்டுக்குப் போ. நீயே கதவைத் தட்டு. பாரில் இரண்டு மணி நேரம் பேசியதை அவளிடம் உட்கார்ந்து சொல். பேனா யாருடையது என்பதையும் சொல். கத்தினாலும் அடித்தாலும் எழுந்து வந்துவிடாதே. முன்கூட்டியே நான் எதுவும் சொல்லி வைக்க மாட்டேன்.

முடித்துவிட்டு எத்தனை மணிக்கு வந்தாலும் சாப்பாடு இருக்கும், நானே கதவைத் திறப்பேன். அங்கே போகாமல் வந்தால் ஜூனிதான் வந்து திறப்பாள். அவளோடு பேசிவிட்டுப் போகலாம்.

பெத்